பெருநாளன்று ஓடிய மூன்றாம் மிஷின்

மார்ச் 12, 2025, புதன்

புரொடக்‌ஷன் மேனேஜர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று முதலாளி வாயாலேயே வந்துவிட்டது. கூடவே ஒரு நிபந்தனை: விஷுவுக்குக் கேரளா போகிற சிப்ஸ் லோடு 31ஆம் தேதி சாயங்காலம் கேட்டைத் தாண்ட வேண்டும். பதினோரு வருடமாக சூப்பர்வைசராகவே இருக்கிறேன். போன சஷ்டிக்குத் திருச்செந்தூருக்கு நடந்துபோய் நான் கேட்டது இதைத்தான்.

"முருகன் கண்ணத் தொறந்துட்டாரு" என்றாள் என் மனைவி நித்யா.

மார்ச் 24, திங்கள்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாழைக்காய் வர இரண்டு நாள் தாமதம். இனி 31 அன்று நாலு பேக்கிங் மிஷினும் ஓடியாக வேண்டும். அன்றைக்குத்தான் நோன்புப் பெருநாள் வரும் போலிருக்கிறது.

பேக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. சஷ்டி, விசாகத்துக்கு நாங்கள் கோயிலுக்குப் போனால் ஷரீபா பீவி தன் லீவை விட்டுவிட்டு வந்து மிஷினில் நிற்பார். பெருநாளுக்கு அவருடைய மூன்றாம் மிஷினில் முத்துராணி நிற்பாள். இந்த முறை முத்துராணிக்கே அவள் மிஷினில் இரண்டு ஷிப்டு போட்டிருக்கிறேன். ஒரு மிஷினை நிறுத்தட்டுமா என்று முதலாளியிடம் கேட்கலாம்.

கேட்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

பெருநாளன்றும் வேலைக்கு வர வேண்டும் என்று ஷரீபா பீவியிடம் சொன்னேன்.

"அண்ணாச்சி, மவளுக்குக் கல்யாணமாகி மொதப் பெருநாள். மாப்பிள்ளை விருந்துக்கு வாராக."

"லோடு போயாகணும்க்கா. எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்."

சட்டமா? சஷ்டிக்கு நான் இவரை நிற்கவைத்துவிட்டு நடந்து போனேனே, அப்போது எங்கே போயிற்று அந்தச் சட்டம்? என் நாக்குதானா அதைப் பேசியது?

மார்ச் 31

வந்தார். கையில் மருதாணி, அதன் மேல் கையுறை. லோடு ஐந்தே முக்காலுக்குக் கிளம்பியது.

ஏப்ரல் 2, புதன்

மேனேஜர் வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்தது. எல்லோருக்கும் அல்வா கொடுத்தேன். ஷரீபா பீவியும் எடுத்துக்கொண்டார். "நன்றி சார்" என்றார். பதினோரு வருடமாக அண்ணாச்சி என்று கூப்பிட்டவர்.

மே 20

கதவில் என் பெயரை மாட்டியிருக்கிறார்கள். நிமிர்ந்து பார்க்கக் கூசுகிறது.

ஜூன் 3, செவ்வாய்

சனிக்கிழமை பக்ரீத், திங்கள்கிழமை விசாகம். முத்துராணி லீவு லெட்டர் கொண்டுவந்தாள்.

"இதுக்கெல்லாம் எதுக்கு லெட்டரு?"

"வாயால பேசுனது இப்ப செல்லுமா சார்?"

ஷரீபா பீவி லீவே கேட்கவில்லை. வழக்கத்தைக் கொன்றது நான்தான் – வேறு யாரைச் சொல்ல? நித்யாவிடம் இன்றுதான் முழுக்கச் சொன்னேன்.

"நாம சஷ்டிக்குப் போனதே அவுக நின்னதாலதான? எப்படிங்க மனசு வந்துச்சி?"



ஜூன் 7, சனி

ஷரீபா பீவியை வர வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டேன். "சரி சார்" என்பதோடு சரி. மூன்றாம் மிஷினில் நானே நின்றேன். ஆள் ஓட்டுவதைப் பார்ப்பதும் தானே ஓட்டுவதும் ஒன்றா? முதல் பிளாஸ்டிக் ரோலே கிழிந்தது. பாதிப் பாக்கெட் ஒட்டவில்லை. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நூற்று எண்பது பெட்டி குறைந்துவிட்டது.

முதலாளி போனில் வந்தார். "என்னவே, மேனேஜர் மிஷின் ஓட்டுதீராமே?"

"பெருநாளுக்கு லீவு விட்டேன் சார். மார்ச்லயே விட்டிருக்கணும்."

போனை வைத்துவிட்டார். நாற்காலி நிலைக்குமா என்று தெரியாது.

ஜூன் 9, திங்கள்

விசாகம். நித்யாவை மட்டும் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எந்த முகத்தோடு நான் போய் நிற்பது?

முத்துராணி மிஷினிலும் நானே நின்றுவிடலாம் என்று ஆறு மணிக்கே போனேன். அங்கே ஷரீபா பீவி நின்றுகொண்டிருந்தார். இந்த வாரம் அவருக்கு இன்றுதான் வார லீவு.

"யக்கா, நீங்க எதுக்கு..."

"முத்துராணிக்காக வந்தேன் சார். கொஞ்சம் ஒதுங்குங்க, ரோலு மாட்டணும்."

ஒதுங்கி நின்றேன்.