கதவு முரசு: சிறப்பிதழ்

மார்ச் 3, செவ்வாய்

அலுவலகத்தில் விற்பனைக் கணக்கு காட்டுவதற்குத்தான் எனக்குப் பவர்பாயிண்ட் தெரியும். இன்று அதில் ஒரு செய்தித்தாள் தொடங்கியிருக்கிறேன். படுத்திருந்த ஸ்லைடை நிமிர்த்தி, ஏ3 அளவாக்கி, உச்சியில் கொட்டை எழுத்தில் பெயர் போட்டேன்: கதவு முரசு. அந்தப் பெயரை எழுதி முப்பத்தைந்து வருடம் இருக்கும்.

பதினாறாம் தேதி அம்மாவுக்குக் கல்யாணம். அறுபத்தேழு வயதில், பதிவு அலுவலகத்தில். அன்று அவள் கையில் இந்தச் சிறப்பிதழைக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

பத்திகள் சொன்ன பேச்சு கேட்பதாயில்லை. ஒரு பெட்டியை நகர்த்தினால் படம் பக்கத்துப் பத்தியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

சின்ன வயதில் வீட்டுக்குள் நாங்கள் நடத்திய கதவு முரசுக்கு அண்ணன்தான் ஆசிரியர். அடிக்கோல் வைத்து மூன்று பத்தி பிரிப்பான். நான் நிருபர். சமையலறைக் கதவில் ஒட்டுவோம். அப்பா பல் துலக்கும் பிரஷ் வாயில் இருக்க, நின்றபடியே முழுவதும் படிப்பார். 'குழாய் இன்னும் ஒழுகுகிறது. வீட்டுத் தலைவர் மௌனம்' என்று தலைப்பு வந்த அன்றுதான் குழாய் சரியானது.

அண்ணன் வாயால் மன்னிப்பு கேட்கவே மாட்டான். மறுவாரம் வலது கீழ் மூலையில் சின்னதாய்க் கட்டம் கட்டி, 'திருத்தம்: சென்ற வாரம் தங்கையைக் குரங்கு என்று ஆசிரியர் குறிப்பிட்டது தவறு. வருந்துகிறோம்' என்று போடுவான். அத்தோடு சரி. சண்டை தீர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் 7, சனி

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"இந்த வயசுல அம்மாவுக்கு இது தேவையா? நீயே போய் நில்லு. நான் வரமாட்டேன்."

"அப்பா போய் ஒன்பது வருஷம் ஆச்சுண்ணா..."

வைத்துவிட்டான். அம்மா சிரிச்சா இவனுக்கு என்ன குறைஞ்சுபோச்சு? அப்பாவை நான் மட்டும் மறந்துட்டேனா?

அம்மாவிடம் சொன்னேன். "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்" என்றாள். துவைத்த துணியை மடித்துக்கொண்டே, கொஞ்சம் பொறுத்து, "குரல் நல்லா இருந்துச்சா? சளி கிளி ஒண்ணும் இல்லையே?"

மார்ச் 9, திங்கள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் மாதிரிப் பிரதியைக் காட்டினேன். அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். என் வாயில் இன்னும் கடைக்காரர் என்றுதான் வருகிறது. தாளைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"எழுத்து இவ்வளவு பொடிசா இருக்கே. கடைக்கு ஆள் பிடிச்சுத் தர்றியாம்மா?"

நடுப்பத்தியில் ஒரு வெள்ளைச் சதுரம். திரையில் அங்கே 'உரையைச் சேர்க்க கிளிக் செய்க' என்று தெரியும், அச்சில் வராது. அது ஆசிரியர் எழுத வேண்டிய இடம் என்றேன். புரிந்துகொண்டார்.

"அப்படியே இருக்கட்டும். நீ எதையும் போட்டு அடைக்காதே."

மார்ச் 10, செவ்வாய்

சிறப்பிதழ் கோப்பை மின்னஞ்சலில் அண்ணனுக்கு அனுப்பினேன். கூட ஒரு வரியும் எழுதவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பதில் இல்லை. அந்த இடத்தில் ஒரு பூப்படம் போட்டுவிடலாமா? மனசு வரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் கோப்பு திரும்பி வந்திருந்தது. கூட ஒரு சொல்லும் இல்லை.

பத்திகளின் அகலத்தையெல்லாம் சமமாக்கியிருக்கிறான். கோணல் அவனுக்குப் பொறுக்காது. ஆனால் ஆசிரியர் பெட்டியையே காணோம். அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அம்மாவின் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தான். அவ்வளவுதானா? எழுதவே மாட்டானா?

பிறகுதான் வலது கீழ் மூலையைப் பார்த்தேன்.

'திருத்தம்: அம்மாவின் திருமணத்துக்கு வரப்போவதில்லை என்று ஏழாம் தேதி ஆசிரியர் கூறியது தவறு. வருந்துகிறோம்.'

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும்.

மார்ச் 16, திங்கள்

கையெழுத்தெல்லாம் முடிந்து, பதிவு அலுவலகத்து மர பெஞ்சில் அம்மாவை உட்கார வைத்துத் தாளைக் கொடுத்தேன். அம்மா தலைப்பைப் பார்க்கவில்லை. தன் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண் நேரே கீழ் மூலைக்குத்தான் போனது. அண்ணன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கண்ணாடி போட்டுக்கோ" என்று கடைக்காரர் எடுத்து நீட்டினார். அம்மா அதற்குள் படித்து முடித்திருந்தாள்.