சகலை வீட்டு சப்வூஃபர்

ஞாயிறு, இரவு.

புதிதாக வாங்கிய சப்வூஃபர் ஸ்பீக்கரில் அதிர்வே இல்லை என்று சகலை ரவி கூப்பிட்டார். கீழ்பென்னாத்தூர் போனேன். மாமனாரும் அங்கே இருந்தார்.

"சின்ன மாப்ள வாங்கனது. வீடே தியேட்டராட்டம் ஆயிடும் பாருங்க" என்றார்.

நான் ஸ்பீக்கர் கடை வைத்துப் பத்து வருடமாகிறது. கடை வாசலை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

ஒயரில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தன. மாற்றிச் செருகினால் ஒரு நிமிட வேலை.

"பெட்டியே சரியில்ல. திருப்பிக் குடுத்துடுங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதாண்ணா" என்று ரவி அப்போதே அதை அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். கிளம்பும்போது சாப்பிடாமல் விடவில்லை.

நாளைக் காலையில் வாங்கிய கடைக்கே எடுத்துப் போகிறார். அதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மாமனார் காதுக்குப் போகாமல் எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.