ஸ்டெல்லா அடித்த ஆணி

ஞாயிறு இரவு, தாம்பரம்.

என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லா டீச்சர் கோவிலம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கியிருக்கிறாள். இன்று அங்கே ஜெபம். சிரித்த முகத்தோடு போய்விட்டு வந்தேன். அந்தப் பாடு எனக்குத்தான் தெரியும்.

சமையலறையில் என்னிடம் மட்டும் புலம்பினாள். "பத்திரச் செலவு தெரிஞ்சதுதான்க்கா. கார் பார்க்கிங்குக்குத் தனி, கரண்ட் கனெக்ஷனுக்குத் தனின்னு அட்வான்ஸ் வாங்கின அப்புறம்தான் சொல்றாங்க. மழைக்காலத்துல வந்து பார்த்தோம், கிணறு ரொம்பி நின்னுச்சு. இப்ப வாரத்துக்கு ரெண்டு லாரி தண்ணி வாங்குறோம்."

"அடப்பாவமே" என்றேன். வயிறு குளிர்ந்துபோனது. பிரியாணி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது நான் கொடுத்த சுவர்க்கடிகாரத்தைப் பிரித்தாள். சுத்தியலை எடுத்து, ஹால் சுவரின் நட்டநடுவில் ஆணி அடித்து மாட்டிவிட்டாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லாரித் தண்ணீரை நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடலாம் என்று பார்த்தேன். அந்தச் சுத்தியல் சத்தம்தான் காதில் நிற்கிறது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று எங்கள் ஹவுஸ் ஓனரம்மா சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது. எங்கள் கல்யாணப் போட்டோ இன்னும் பீரோ மேல்தான் படுத்துக் கிடக்கிறது.