மோதிரமில்லாத கை

ஏங்க,

ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிட்டேன். கார் பேட்டரியை நீங்களே மாத்துங்க, வேண்டாங்கல. ஆனா மோதிரத்தோட பானெட்டுக்குள்ள கை விடக் கூடாது. இதுல நான் இறங்கி வரப் போறதில்ல.

"நீ போட்டுவிட்ட மோதிரம், கழட்ட மாட்டேன்"னு நேத்து வீராப்பாச் சொன்னீங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பேட்டரியோட பிளஸ் முனையில ஸ்பானர் இருக்கறப்ப மோதிரம் அதையும் கார் பாடியையும் சேர்த்துத் தொட்டா, கண் மூடித் திறக்கறதுக்குள்ள பழுக்கக் காய்ஞ்சுடும். உருவக்கூட முடியாது.

முதல்ல கறுப்பு வயரைக் கழட்டுங்க, அப்புறம் சிவப்பு. மாட்டறப்ப சிவப்புதான் முதல்ல. நேத்து நீங்க நேரா சிவப்புல கை வச்சதாலதான் அந்தக் கத்துக் கத்தினேன். உங்க அக்கா முன்னாடி கத்தினது தப்புதான், கத்தினது தப்பில்ல.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். பேட்டரி மேல பூத்திருக்கிற வெள்ளைப் பொடியில ஆசிட் இருக்கு, சோப்பு போட்டுக் கை கழுவிட்டு உக்காருங்க.

பி.கு: பேட்டரி வயரைக் கழட்டற பத்தாம் நம்பர் ஸ்பானரைத் தேடாதீங்க, ஒளிச்சு வச்சிருக்கேன். மோதிரமில்லாத கையைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, இடத்தைச் சொல்றேன்.

இன்னொண்ணு: சாயந்திரம் மோதிரத்தை நானே மாட்டிவிடறேன். அதுக்கு விரல் வேணும்.