வழவழப்பு

அன்புள்ள அம்மணிக்கு,

துடியலூரில் இரண்டு நாளாக மழை. நீ கேட்ட முருங்கைப் பொடியை அரைத்து வைத்திருக்கிறேன்.

அப்பாவின் கருமாதிக்கு வந்தவர்களிடமெல்லாம், "நான் செஞ்ச கோட்டிங்தானுங்க ஏமாத்திப்போட்டுது" என்று சொல்லி அழுதாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சியையே விட்டுவிட்டாய் என்று நேற்று மாமா சொன்னார்.

மூச்சு விட அப்பாவின் தொண்டையில் போட்டிருந்த குழாயைத் தினமும் கழற்றிக் கழுவியது நான்தானே. உள்ளே வழவழவென்று படிவதுதான் கிருமி என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். உன் கோட்டிங்கைப் பூசி நீ கொண்டுவந்த புதுக் குழாயோ பிரித்தபோதே வழுக்கியது. "இதுல எதுவும் ஒட்டாதுங்மா, சும்மா தண்ணியில அலசுனாப் போதும்" என்றாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீ ஊருக்குப் போனதும் சோப்புப் போட்டு, பிரஷ்ஷால் வழவழப்பு போகும்வரை தேய்த்தேன். பேச முடியாத அப்பா கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"உங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க, கம்முனு இருங்க" என்றேன்.

பத்தே நாளில் கிருமி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது.

உன் கோட்டிங் ஏமாற்றவில்லை, கண்ணு.

போன இரண்டு பார்சலுக்கும் இதே கடிதத்தை எழுதினேன். உனக்குப் பொடி மட்டும்தான் வந்தது.

உன் அம்மா