நெட்டையானவள் பந்து தட்டினால்

இன்று காலை பருப்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது போன் விடாமல் சிணுங்கியது. பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குழுவில் நம் விளையாட்டு மாஸ்டர் ஒரு வீடியோ போட்டிருந்தார். ஏதோ வெளிநாட்டுக் கூடைப்பந்து மைதானம். எந்த வீட்டு வாசலிலும் தலை இடிக்கிற உயரத்தில் ஒருவன். அவ்வளவு உயரக்காரன் பந்தைக் காலுக்கு நடுவே விட்டு எடுக்கிறான், எதிரே நிற்கிற குட்டையனை இடப்பக்கம் போவதாக ஏமாற்றுகிறான், பிறகு பின்வாங்கித் தூரத்திலிருந்து எறிகிறான். பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்குகிறது. இப்போதெல்லாம் உயரமானவர்கள் இப்படித்தான் ஆடுகிறார்கள். குட்டையானவர்களுடைய வித்தை எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது, உயரம் அதற்கு மேல்.

வீடியோவுக்குக் கீழே மாஸ்டர் எழுதியிருந்தார்: “உயரமான பிள்ளைகளுக்கும் பந்து தட்டப் பழக்க வேண்டும் என்று நான் அந்தக் காலத்திலேயே சொல்லி வந்தேன். நம் பாடசாலையிலும் அப்படி ஒருத்தியை உருவாக்கினோம். இன்று அவள் நம்மோடு இல்லை.” அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், சிவப்பு இதயங்கள், “உண்மை சேர்”, “ஆமாம் சேர்”.

உன்னைத்தான் சொல்கிறார். உருவாக்கினாராம்.

பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த வாடை. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். என்னவர் வந்து அணைத்துவிட்டுப் போனார். இந்தக் கோபத்தை யாரிடம் சொல்வது? உன்னிடம் சொன்னால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். “விடு கட்ட, வயசான மனுசன்” என்பாய். என்னை நீ ஒருத்திதான் கட்டை என்று கூப்பிட்டாய். பாடசாலை முழுக்க உன்னைக் கொக்கு என்றது. நீ அதற்கும் சிரித்தாய். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது.

மாஸ்டர் கெட்டவர் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆண்டாண்டாக வலைப்பந்து பழக்கியவர். வலைப்பந்தில் பந்தோடு நடக்கக்கூடாது, தட்டக்கூடாது. உயரமானவள் வளையத்துக்குக் கீழே போய் நின்றுகொள்ள, மற்றவர்கள் பந்தைக் கைமாற்றிக் கொண்டுவந்து அவளிடம் சேர்ப்பார்கள். பதுளையில் நம் பாடசாலைக்குக் கூடைப்பந்துத் தளம் போட்டுக் கொடுத்தபோது, மாஸ்டர் அந்த வலைப்பந்து மூளையை அப்படியே தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். யார் எங்கே நிற்க வேண்டும் என்று நெஞ்சில் எழுத்து ஒட்டிய அந்தப் பழைய வலைப்பந்துச் சட்டைகளைக்கூட மாற்றவில்லை. வளையத்துக்குக் கீழே நிற்பவளுடைய சட்டையை முதல் நாளே உன் தலைவழியாக மாட்டினார். உன் கையில் பந்தைக் கொடுத்து, என்ன செய்வாய் என்று அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை. உயரத்தைப் பார்த்தார், முடிந்தது.

அதற்குப் பிறகு அவர் உன்னிடம் சொன்னதெல்லாம் ஒரே சொல். வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்தை நீ எட்டிப் பிடித்த உடனே, “குடு!” என்று கத்துவார். என்னிடம் கொடுக்க வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு எதிர் வளையத்துக்குப் போவது என் வேலை. “குடுத்துட்டு ஓடு! குடுத்துட்டு ஓடு!” அந்தக் குரல் பஸ் நிலையம் வரைக்கும் கேட்கும். நீ கொடுத்துவிட்டு ஓடுவாய். போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாய்.

நீ யார் என்பது எனக்கு தேயிலைத் தோட்டத்தில் உங்கள் லயத்து வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வந்து இறங்கி உன்னோடு மலை ஏறினேன். லயத்துக்கு முன்னால் கல் பெயர்ந்த ஒரு ரோடு, ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம், பள்ளத்தில் ஆறு. அந்த ரோட்டில் நீ ஒரு தேய்ந்த ரப்பர் பந்தைத் தட்டிக்கொண்டு இறங்கினாய், ஏறினாய். கல்லில் பட்டு எந்தப் பக்கம் தெறித்தாலும் உன் கை அங்கே இருந்தது. வலக்கை, இடக்கை என்ற வித்தியாசமே இல்லை. கண் பந்தில் இல்லை, என்னோடு பேசிக்கொண்டே வந்தாய்.

“எப்பிடிடீ விடாம தட்டுற?” என்றேன்.

“விட்டா ஆத்துலதான் போயித் தேடணும் கட்ட. அதான் விடுறதில்ல.”

உன் அம்மா வாசலில் நின்றபடி, “ஞாயித்துக்கெழமை எங்கூட கொழுந்து எடுக்க வருவாம்மா. ரெண்டு கையும் ஒண்ணா ஓடும் இவளுக்கு” என்றார்கள். கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இரண்டு கையும் தனித்தனியாக, பார்க்காமலேயே வேலை செய்யும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு இடக்கையால் நாலு தட்டு தட்டினால் பந்து காலில் படும். நான் பந்து கொண்டுபோகிற கார்டு. நீ கம்பம். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா?

மறுநாளே மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். “சேர், அவ என்னவிட நல்லா தட்டுறா. ஒரு தடவ கொண்டுபோக விட்டுப் பாருங்க.” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நெட்டையானவ பந்து தட்டினா பாதிப் பந்து எதிராளிக்குத்தான் போவும். ஒனக்கு விளையாட விருப்பமில்லன்னா சொல்லும்மா.” நீ பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய்.

பிறகு மாகாண இறுதிப் போட்டி. தேசிய இளையோர் அணிக்கு ஆள் எடுக்கக் கொழும்பிலிருந்து இருவர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் தேறினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். நம்மை விட மூத்த ஒரு சிங்களப் பிள்ளையைக் கொழும்பில் ஒரு கம்பெனி தன் அணிக்காகவே வேலைக்கு எடுத்திருந்தது. நீ அதை வாய்விட்டுப் பேசவே மாட்டாய். முந்தின நாள் மட்டும், “எடுத்துட்டாங்கன்னா அம்மாவ கொழுந்து எடுக்க மலைக்கு அனுப்ப மாட்டேன் கட்ட” என்றாய்.

இரண்டாம் பாதியில் நாம் புள்ளியில் பின்தங்கியிருந்தோம். நீ பந்தை எட்டிப் பிடித்தாய். “குடு!” என்றார் மாஸ்டர். என்னை இரண்டு பேர் சுவர் மாதிரி மறித்து நின்றார்கள். கொடுக்க வழியில்லை. நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு பந்தைக் கீழே தட்டினாய்.

அதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன்! முதலில் வந்தவளை இடக்கையால் கடந்தாய். அடுத்தவள் குறுக்கே விழுந்தபோது பந்து முதுகுக்குப் பின்னால் வலக்கைக்கு வந்திருந்தது. நடுக்கோட்டைத் தாண்டியபோது நிமிர்ந்துதான் போனாய், குனியவே இல்லை. கடைசியில் நின்றவள் கையைத் தூக்குவதற்குள் பந்து உள்ளே போயிருந்தது. மைதானம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. எதிரணிக்காரிகூடக் கை தட்டினாள்.

மாஸ்டர் உன்னை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“ஒன்ன யாரு தட்டச் சொன்னது? கீழ நிக்கிறதுதான் ஒன் வேல. பெரிய ஆளுன்னு நெனப்பா?”

நீ, “சரி சேர்” என்றாய். துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய். ஆட்டம் முடியும்வரை உன்னை அவர் எழுப்பவில்லை. தோற்றோம். அது போகட்டும். முடிந்த பிறகு கொழும்பு ஆட்களில் ஒருவர் மாஸ்டரிடம் வந்து, அந்த உயரமான பிள்ளை எப்போதும் பந்து கொண்டுபோவாளா என்று கேட்டார். நான் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நின்றேன். மாஸ்டர் சிரித்துக்கொண்டே, “இல்ல சேர், அது சும்மா ஒரு தடவ நடந்திருச்சு. அவ வளையத்துக்குக் கீழ நிக்கிற பிள்ள” என்றார். வந்தவர் உன்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கீழே நிற்பதற்கு உன்னைவிட உயரமானவள் அவருக்கு வேறு ஊரில் கிடைத்திருந்தாள். தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு வாக்கியம், அவ்வளவுதான். ஓங்கி ஒரு அறை வைத்திருந்தால்கூட உனக்கு அவ்வளவு கெடுதல் ஆகியிருக்காது.

அன்றைக்கு பஸ்ஸில் நான்தான் அழுதேன். உன் முழங்கால் முன் சீட்டில் முட்டிக்கொண்டிருந்தது. வடையைப் பிய்த்துப் பெரிய பாதியை என்னிடம் நீட்டினாய்.

“நீ ஏன்டி அழுவுற? ஒக்காந்தது நான்தானே?” என்றாய். மற்றப் பாதியை வாயில் போட்டுக்கொண்டாய். “நல்லாத்தான் இருந்துச்சு கட்ட. ஒசரமா இருந்தா எல்லார் தலைக்கும் மேல வழி தெரியுது. யாரு எங்க போறா, எங்க எடம் இருக்குன்னு எல்லாமே தெரியுது. கீழ போயி நின்னா அது ஒண்ணும் தெரியாது.”

இன்று இந்த வீடியோக்களில் பெரிய பெரிய ஆட்கள் கோட்டுப் போட்டு உட்கார்ந்து இதையேதான் விளக்குகிறார்கள். உயரமானவன் கையில் பந்து இருந்தால் மறிப்பவனுக்கு மேலாகப் பார்ப்பான், மேலாகக் கொடுப்பான், மேலாகப் போடுவான் என்று. நீ ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வாயில் வடையோடு சொன்னாய். கேட்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஓ.எல். பரீட்சை முடிந்ததும் உன் அம்மாவுக்கு முடியாமல் போக, நீ தோட்டத்தில் பேர் பதிந்தாய். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நிற்கும்போது கங்காணி உன்னைத்தான் முதலில் பார்ப்பாராம். “எல்லாருக்கும் மேல ஒந்தல தெரியுது, லேட்டா வந்தா ஒளிய முடியாது” என்று கேலி பண்ணுவாராம். இடுப்புக்குக் கீழே இருக்கிற செடிக்கு நாள் முழுக்க வளைந்து உன் முதுகு போய்விட்டது. நான் ஆசிரியையாகி பசறைக்கு வந்தேன். பார்க்கும்போதெல்லாம், “வாரத்தில் ஒரு நாள் வா, என் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பந்து தட்டச் சொல்லிக் கொடு” என்று கெஞ்சினேன். “எனக்கு என்னா தெரியும், கீழ நிக்கத்தான் தெரியும்” என்று சிரித்தாய். அவர் சொன்னதை நீயே நம்பிவிட்டாய். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை, அவரையும் சரி, உன்னையும் சரி.

கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைந்த அன்று உன் பக்கத்து நிரையில் நின்ற அக்கா உன் சாவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “எல்லாரும் ஓடுறோம். நான் கால் தடுக்கி விழுந்துட்டேன். இவ முன்னுக்குப் போனவ, திரும்பி வந்தா. இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்க அவுத்து எம்மேல போத்திட்டா. ஓடு புள்ள, ஓடுன்னு கத்துறேன். அதுக்குள்ள அவ மேல மொச்சிருச்சு.”

கொடுத்துவிட்டாய். ஓடத்தான் இல்லை. ஓடியிருக்கலாமே! அந்த நீளக் காலுக்கு நாலு எட்டு வைத்தால் ரோடு. மைதானத்தில் அவர் சொன்ன இரண்டில் ஒன்றை மட்டும் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டாய்?

மாஸ்டரும் மலர்வளையத்தோடு வந்திருந்தார். “ரொம்ப அடக்கமான பிள்ளை, சொன்ன சொல்லைத் தட்ட மாட்டாள்” என்று நாலு பேர் கேட்கப் பேசினார். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன், சாவு வீடு என்பதால். இன்றைக்கு மூடவில்லை. குழுவில் எழுதினேன்: “சேர், அவளை நீங்கள் உருவாக்கவில்லை. பந்து தட்டினாள் என்று உட்கார வைத்தீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன்.”

கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் எனக்குப் போன் எடுத்தார். குரல் தளர்ந்து போயிருந்தது.

“என்னம்மா இப்பிடி எழுதிட்ட? நான் அவளுக்குக் கெடுதல் நெனச்சேனா?”

“நெனைக்கல சேர். நெனச்சிருந்தா ஒங்கள வெறுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.”

“அந்தக் காலத்துல எல்லாரும் அப்பிடித்தானேம்மா ஆடுனாங்க.” பிறகு, “அன்னைக்கி அவ கொண்டுபோனது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது” என்றார்.

“அப்ப ஏன் சேர் ஒக்கார வச்சீங்க?”

போனை வைத்துவிட்டார். பகலுக்குள் அந்தப் பதிவை அவர் அழித்திருந்தார். எனக்கு அதில் ஒரு திருப்தியும் வரவில்லை.

சாயந்திரம் பிள்ளைகளைப் பழக்கப் போனேன். என் அணியில் இப்போது ஒரு நெட்டைப் பிள்ளை இருக்கிறாள். லயத்துப் பிள்ளைதான், உன்னைப் போலவே கதவுக்குக் கதவு குனிந்து பழகியவள். வளையத்தில் பட்டு வந்த பந்தை எல்லார் தலைக்கும் மேலே எட்டிப் பிடித்தாள். பிடித்த உடனே கண் குட்டையானவளைத் தேடியது, கை நீண்டது. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கிருந்துதான் வருமோ இந்தப் பழக்கம்.

“குடுக்காத!” என்று கத்தினேன். “குடுக்காத புள்ள, நீயே கொண்டு போ!”

மைதானம் அதிர்கிற கத்தல். அவள் திடுக்கிட்டு, பந்தைக் கீழே தட்டி, தட்டுத் தடுமாறிப் போகத் தொடங்கினாள். நான் கோட்டோரமாக அவள் கூடவே ஓடினேன், கத்திக்கொண்டே. டீச்சர் அவளை ஏன் இப்படித் திட்டுகிறார் என்று மற்றப் பிள்ளைகள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

அவளை இல்லை. உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.