அம்மா விட்டுக்கொடுத்த சீட்

எந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று யார் பெட்டிக்கு டேக் கட்டிக்கொண்டிருக்கிறீர்களோ, அந்த என் அப்பாவுக்கு,

வசந்தி எழுதுகிறேன். ஸ்ரீரங்கத்தில் உங்கள் அஸ்தியைக் கரைத்துவிட்டு நானும் அம்மாவும் அமெரிக்காவுக்கு, பிரிட்ஜ்வாட்டருக்குத் திரும்பிவிட்டோம். வேலைக்குப் போகிறேன், வருகிறேன், டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்குகிறேன். எப்படி இருக்கிறாய் என்று ஆஃபீஸில் கேட்டால் "ஃபைன்" என்கிறேன். அது பொய்யும் இல்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாளே, அப்படித்தான் என்னை நான் பார்த்துக்கொள்கிறேன். மரத்துத்தான் கிடக்கிறது.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அம்மா அன்றைக்கு ஏன் வந்து சேரவில்லை என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டீர்கள்.

இந்தக் கடிதத்தை உங்களோடு சேர்ந்து வாசிக்கிறவர்களுக்காக முன்கதையையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து பிழைக்கப் போனவர்கள் துபாய்க்குப் போனார்கள், சிங்கப்பூருக்குப் போனார்கள். என் அப்பா போனது ஆப்பிரிக்காவில் இருக்கும் சுவாசிலாந்துக்கு. நம்மூர் இரண்டு மூன்று மாவட்டங்களைச் சேர்த்தால் முடிந்துவிடும் நாடு. கடல் கிடையாது. விமானக் கம்பெனி மட்டும் உண்டு. இருந்ததே ஒன்றோ இரண்டோ விமானம், அதிலும் ஒன்று எப்போதும் ரிப்பேரில் இருக்கும்.

முதல் கம்பெனி மூடியது. அதே விமானத்தின் வாலில் வேறு பெயிண்ட் அடித்து இன்னொரு கம்பெனி வந்தது. அதுவும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. யூனிஃபார்ம் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறியது, நீலத்திலிருந்து சாம்பலுக்கு மாறியது. நீங்கள் மட்டும் அதே கவுண்டரில் பயணிகளை ஏற்றி அனுப்பும் அதே டிராஃபிக் ஆபீசராக நின்றீர்கள். ஏம்ப்பா மூடுறாங்க என்று கேட்டால், "ஆள் ஏறலம்மா. காலி சீட்டைத் தூக்கிட்டு எத்தனை நாள் பறப்பான்?" என்பீர்கள். வேறு யாரையும் குறை சொன்னதில்லை.

சம்பளத்தைவிட உங்களுக்குப் பெருமை ஸ்டாஃப் பாஸ். விமானத்தில் இடம் மிஞ்சினால் நாம் காசில்லாமல் ஏறலாம், மிஞ்சாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு. ஊருக்கு வரும் தேதியை எந்தச் சொந்தக்காரருக்கும் நாம் எழுதியதே இல்லை. எழுதினால் அவர்கள் பாவம், ஏர்போர்ட்டில் வந்து நிற்பார்கள். திடீரென்று வாசலில் போய் நிற்பதுதான் நம் குடும்பத்தின் வருகை.

அதற்கு நீங்கள் போட்ட சட்டங்கள் இருக்கிறதே! ஸ்டாஃப் குடும்பம் கசங்கிய துணி போடக் கூடாது. இரண்டாவது காபி கேட்கக் கூடாது. ஃப்ளைட் ஃபுல் என்று தெரிந்தால், ஏறி உட்கார்ந்திருந்தாலும் சரி, கேட்பதற்கு முன்னால் எழுந்துவிட வேண்டும். "கேக்க வைக்கிறது அசிங்கம்" என்பீர்கள். ஊருக்கு வரும் வழியில் நைரோபியில் நாம் எத்தனை தடவை எழுந்திருக்கிறோம்? அம்மா பட்டுப்புடவை கசங்காமல் எழுந்து நடக்கும் அழகைப் பார்த்து நானே வியந்திருக்கிறேன். கதவு மூடியபிறகுதான் நீங்கள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "கன்ஃபர்ம் ஆயிடுச்சு" என்பீர்கள். அதுவரை சீட்டின் நுனியில்தான் நாம் எல்லோரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசிக் கம்பெனியும் மூடியபிறகு நீங்களும் அம்மாவும் என்னோடு இருக்க பிரிட்ஜ்வாட்டருக்கு வந்துவிட்டீர்கள். மாமா மகள் கல்யாணத்துக்கு அம்மா ஊருக்குப் போயிருந்தபோது இங்கே உங்களுக்கு ஹார்ட் அட்டாக். அம்மாவுக்கு ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. கையில் கிடைத்த முதல் டிக்கெட்டைப் போட்டேன். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட், அங்கிருந்து நியூவர்க். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "லோடு எப்படியாம்?" எத்தனை சீட் நிரம்பியிருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

"அதெல்லாம் கன்ஃபர்ம்டு டிக்கெட்டுப்பா."

"டோர் மூடட்டும்" என்றீர்கள்.

மறுநாள் அம்மா ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பேசினாள். "இன்னிக்கு ஃபுல்லுடி. நாளைக்கு வந்துடுறேன், அப்பாகிட்ட சொல்லு." எனக்கு வந்த கோபத்தில் கஸ்டமர் சர்வீஸ் பெண்ணை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டேன். டிக்கெட் வாங்கினவரை எப்படி இறக்குவீர்கள் என்று கத்தினேன். அவராகவே விட்டுக்கொடுத்தார் என்றாள் அவள். புளுகுகிறாள் என்று நினைத்தேன்.

உங்களிடம் வந்து, அம்மா நாளைக்குத்தான் வருவாள், ஃப்ளைட் ஃபுல்லாம் என்றேன். உங்கள் முகம் மலர்ந்தது. "ஃபுல்லா? பரவால்லையே! நல்லா ஓட்டுறான்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசியதாக நினைவில்லை. மறுநாள் காலையில் போய்விட்டீர்கள். சாயங்காலம் அம்மா வந்தாள், சேலை கசங்காமல்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் கிச்சனில் நாங்கள் இருவரும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவளாகச் சொன்னாள். "ஃபிராங்க்ஃபர்ட்ல ஏர்லைன் பையன் மைக்ல என்னமோ சொன்னான். எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. ஃபுல்லுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கேக்குற வரைக்கும் உக்காந்திருந்தா உங்கப்பாவுக்குத்தானே அசிங்கம்? எழுந்துட்டேன்."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏதோ கூப்பன் குடுத்தான். வேணாம், வி ஸ்டாஃப்னு சொன்னேன். எந்த ஏர்லைன்னு கேட்டான். நம்ம முதல் கம்பெனி பேரைச் சொன்னேன். அவனுக்குத் தெரியல, பாவம், சின்னப் பையன். நாளைக்கு எப்படியும் கெடைக்கும்னு நெனச்சேன்டி. எப்பவும் கெடைச்சிருக்கே."

அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. உங்கள் மேலாவது கோபம் வந்தால் நன்றாக இருக்கும், அதுவும் வரவில்லை. மூடிப்போன ஒரு கம்பெனியின் மானத்துக்காக நீங்களும் அவளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனீர்கள். இதற்கு யாரிடம் போய்க் கத்துவது, அப்பா?

அதற்கப்புறம் அம்மா எங்கேயும் முழுதாக உட்காரவில்லை. சோபா நுனியில், மடியில் கைப்பையோடு. சாப்பாட்டு மேஜையிலும் அப்படியே. யாராவது உள்ளே வந்தால் எழுந்துவிடுவாள். ஒரே ஒரு தடவை கேட்டாள்: "எழுந்திருக்கலைன்னா பாத்திருப்பேன், இல்ல?" நான் குழாயைத் திறந்துவிட்டு, காதில் விழாதவள்போல் நின்றேன். இவளை இப்படியே நுனியில் விட்டுவிட்டுப் போய்விட்டாரே, இனி யார் இவளை உட்கார வைப்பது என்று பயந்தேன். எனக்கிருந்த ஒரே பயம் அதுதான்.

உங்கள் அஸ்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். செக்யூரிட்டியில் செருப்பைக் கழற்றி, சர்டிஃபிகேட்டைக் காட்டி, உங்களை மெஷினுக்குள் அனுப்பி எடுத்தோம். கேட்டில் நானும் அம்மாவும் உட்கார்ந்தோம், நடுவில் பையில் நீங்கள். எங்களுக்கு டிக்கெட் இருந்தது. உங்களுக்குத்தான் இல்லை, வழக்கம்போல.

கவுண்டரில் இருந்த பெண் மைக்கில் ஆரம்பித்தாள். ஃப்ளைட்டில் இடம் போதவில்லை, யாராவது நாளைக்குப் போக முடியுமா என்று. அம்மாவின் கை பையின் காதைப் பிடித்தது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். பிடித்து இழுத்து உட்கார வைக்கலாம் என்று தோன்றியது. கை எழவில்லை.

"வசு, நாம இன்னும் ஸ்டாஃப்தானா?"

"இல்லம்மா. மூணு கம்பெனியும் மூடியாச்சு."

"அப்பா?"

"அப்பாவும் இனிமே ஸ்டாஃப் இல்லம்மா."

மைக் இன்னொரு தடவை கேட்டது. அம்மா பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உக்காந்துக்கிறேங்க" என்றாள். என்னிடம் இல்லை, உங்களிடம். சாய்ந்து, முதுகு நாற்காலியில் பட உட்கார்ந்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுந்து கவுண்டருக்குப் போனார்.

விமானத்தின் கதவு மூடிய சத்தம் கேட்டதும், மடியிலிருந்த உங்களை அம்மா ஒரு தட்டுத் தட்டினாள். "கன்ஃபர்ம் ஆயிடுச்சுங்க" என்றாள். எனக்குக் கண் எரிந்தது. அவ்வளவுதான், அப்பா. அழுகை வந்தால் எழுதுகிறேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அம்மாவை இனிமேல் எங்கேயும் தனியாக அனுப்ப மாட்டேன். மைக்கில் யார் என்ன கேட்டாலும் அவள் சீட் அவளுக்குத்தான், அவள் எழுந்தால் நான் பிடித்து உட்கார வைப்பேன். உங்கள் சட்டத்தில் அந்த ஒன்றை மட்டும் அடித்துவிட்டேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. நாங்கள் உங்களிடம் வரும் தேதியைச் சொல்ல மாட்டோம். நீங்களும் ஏர்போர்ட்டில் வந்து நிற்க வேண்டாம்.

பாஸில் உங்கள் பெயருக்கும் அம்மா பெயருக்கும் கீழே எழுதியிருந்த மகள்,
வசந்தி